பிராம்ஸுக்குத் தாளம்

...இதிலும் மூன்றுதான், தட்டு, தட்டு, வீச்சு, அப்படியே ரூபக தாளம், ஜெர்மன்காரனுக்கு ரூபகம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே ஷ்யாமளாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, லண்டன் ரிக்கார்டு முடிகிறவரைக்கும் கை ஒரு இடத்திலும் பிசகவில்லை. கடைக்காரர் அப்துல் வாஹித் அதை எடுத்துவிட்டு வியன்னா ரிக்கார்டை வைத்து, "ஆராம் ஸே ஸுனியே", நிதானமாகக் கேளுங்கள் என்று ரிக்கார்டு கேட்கிற அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். இதுவும் அதே பிராம்ஸ், அதே மூன்றாவது ஸிம்பொனி, அதில் அதே மூன்றாவது பகுதி, வாசிக்கிறவர்கள்தான் வேறு. ரெண்டில் எது வேண்டும் என்று அவள் சொல்லியாக வேண்டும். கதவுக்கு வெளியே பெஞ்சில் இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் சந்திரமௌலி, நடுவே அம்மாவின் குடை. பெண் பார்த்துவிட்டுப் போனவன் பெண்ணைக் கோட்டைப் பக்கம் ரிக்கார்டுக் கடைக்கு வரச்சொன்னான் என்றால் மாதுங்காவில் சிரிக்க மாட்டார்களா, அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அம்மாதான், கிளம்புடி, யுத்தம் முடிஞ்சு எல்லாமே தலைகீழாத்தான் இருக்கு என்று குடையை எடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கப்படி ஒரு பாட்டுப் பாடேண்டி என்று ஆரம்பித்ததும் அவன், "பாட வேண்டாம் மாமி" என்றான், அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது, பாட்டு வேண்டாமென்றால் பெண் வேண்டாம் என்றுதானே அர்த்தம்... அவன் நேரே அவளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன கேக்கப் பிடிக்கும்?" என்றான். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்கிறார்களா? என்ன பாடத் தெரியும், எத்தனை வர்ணம் தெரியும், அவ்வளவுதான். பதட்டத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. "ஆபீஸ் பக்கத்துல ரிக்கார்டுக் கடையில ஒண்ணு போடறா, பேர் தெரியாது, பெரிய பிடில் ஒண்ணு அடித்தொண்டையில ஆரம்பிக்கும், அதைக் கேட்டுண்டே நின்னு டைப்பிங்குக்கு லேட்டாப் போயிருக்கேன்." அவன் சிரிக்கவில்லை. கடை கடையாக விசாரித்துப் பேரைக் கண்டுபிடித்திருக்கிறான், பைத்தியமா என்ன. இன்றைக்குக் கடை வாசலில் வைத்து, "எனக்கும் இது புதுசு. நீங்க சொல்றதை வாங்கறேன். அந்த ரிக்கார்டு யாராத்துல இருக்கணும்கறதையும் நீங்களே சொல்லுங்கோ" என்றான். அம்மா அது காதில் விழாத மாதிரி இருந்தாள், விழுந்திருக்கும்.

அவனுக்கு எது பிடிக்கும்? லண்டன்தான் பிடிக்கும், ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறவன், சட்டைக்கு இஸ்திரி அப்படி, எதுவும் நேராக இருந்தால்தான் பிடிக்கும்... லண்டன் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. இந்த வியன்னாவில் கை தாளத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது, தட்டு, தட்டு, வீச்சுக்குப் போகிற இடத்தில் கொஞ்சம் இழுக்கிறார்கள், கை முன்னால் போய்க் காத்திருக்கிறது, அசடு வழிகிறது. காலப்பிரமாணமே இல்லையே இதில். செம்பூர்க்காரர் மட்டும் இங்கே இருந்தால்... இரண்டு வருஷம் முன்னால் பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்தவர், அவள் சரணத்தில் ஒரு இடத்தில், அங்கே நிற்க வேண்டும் போலிருந்தது, நின்றாள், கண்ணைத் திறந்தால் அவர் தொடையில் அடித்த கையைத் தூக்கி, "கொழந்தைக்குத் தாளம் நழுவறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், பஜ்ஜி முழுவதையும் சாப்பிட்டார், அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து பாடுகிறபோதெல்லாம் கையை மட்டும்தான் பார்க்கிறாள், பாட்டு எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. எவ்வளவு அவமானமாக இருந்தது, நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. இந்த வியன்னாக்காரர்கள் இத்தனை பேர் சேர்ந்து நழுவுகிறார்களே, தவறுதலாகவா? இத்தனை பேரும் ஒன்றாகவா தவறுவார்கள்?

கதவைத் திறந்து அம்மா தலையை நீட்டினாள். "ஆச்சாடி? எதுவானா என்ன, ரெண்டும் ஒரே பாட்டுத்தானே."

"இரும்மா, மறுபக்கம் போடணும்."

அப்துல் வாஹித் வந்து திருப்பிப் போட்டார். முதலில் பெரிய பிடிலில் வந்தது இப்போது கொம்பில் வருகிறது, அதே ராகம்தான், வெளியூர் போய்விட்டு வந்தவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் மாறியிருக்கிறது, இழுக்கிற இடம் வருகிறது, வரட்டும், இந்தத் தடவை கையை முன்னால் விடப்போவதில்லை, அவர்கள் வருகிறபோது வரட்டும்... கை அந்தரத்தில் நின்றது, எவ்வளவு சுகமாக இருக்கிறது, அம்மாடி, விழவேண்டிய நேரத்தில் தானே விழுந்தது. இதுதான். லண்டன் சரியாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு இது வேண்டும். அவனுக்குப் பிடிக்காவிட்டால்? பிடிக்காவிட்டால் சொல்லட்டும், இன்னொரு தடவை காது சுட்டால் சுடட்டும் என்று நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் சந்திரமௌலியின் கை முழங்காலில் இருந்தது, தட்டு, தட்டு... அவன் கண் அவளுடைய கையிலேயே இருந்தது. அடுத்த முறை இழுக்கிற இடம் வந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையும் நின்றது, அவளுடையது விழுந்த பிறகுதான் விழுந்தது. ஊசி உரசி ஓய்ந்தது, அப்துல் வாஹித் உள்ளே வந்து பார்த்தார், "யஹீ", இதேதான் என்றாள், குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. அவர் போய் லண்டனை அலமாரியில் வைத்தார். கதவைச் சாத்தினால் வெளியே ஒரு சத்தமும் கேட்காது என்று வந்தவுடனேயே பெருமையாகச் சொன்னவர் அவர்தான்... அப்படியானால் இவன் இத்தனை நேரம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான்?