பனிக்காலத்து வாய்தா

குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார் என்றுதான் எல்லோரும் ராஜகுமாரிக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் வக்கீல் கொர்னேலியஸும் ஒருவர். கோர்ட்டுக்கு எதிர்ச் சரிவில், தகரக் கூரை போட்ட அறையில், ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு அவர் சொன்னார்.

"இந்தக் கேஸ்ல ரெண்டு வழிதாம்மா இருக்கு. ஒண்ணு, ஆமா குடிச்சேன்னு ஒத்துக்கிறது. மத்தியானத்துக்குள்ள ஊட்டுக்குப் போயிரலாம். இன்னொண்ணு, இருமல் மருந்து குடிச்சேன்னு சொல்றது. இந்தக் குளிர்ல யாருக்குத்தான் இருமல் இல்ல?"

"எனக்கு இருமல் இல்லீங்க சார்."

"கோர்ட்டுல கூண்டேறி நின்னா வந்துரும்."

ராஜகுமாரி சிரிக்கவில்லை. பெல்மவுண்ட் எஸ்டேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவள் அவள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, லாரி கிளீனர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள். மார்கழி மாதத்தில் ஒரு காலை, சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் கொண்டைஊசி வளைவில், பள்ளி வண்டிகளை நிறுத்தி டிரைவர்களை ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது போலீஸ். அவளும் ஊதினாள். மெஷின் கத்தியது. சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கு என்று சீட்டு வந்தது. பிள்ளைகளை இறக்கி வேறு வேனில் ஏற்றினார்கள். "குமாரியக்கா குடிச்சிருக்காங்களா?" என்று ஒரு குட்டி கேட்டது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

அவள் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

"ஒத்துக்கிட்டா மறுபடி வேன் ஓட்ட முடியுங்களா?" என்று கேட்டாள்.

"அது பள்ளிக்கூடத்துக்காரங்க இஷ்டம்."

அவர்கள் இஷ்டம் என்னவென்று அவளுக்குத் தெரியும். தாளாளர் நேரிலேயே சொல்லிவிட்டார். கோர்ட்டு அவளைக் குற்றமில்லாதவள் என்று சொன்னால் வேன் சாவி அவளுக்கு. இல்லாவிட்டால் பள்ளிக்கூட வாசல் பக்கமே வர வேண்டாம்.

அறையின் மூலையில் கட்டுக் கட்டாகக் கிடந்த கேஸ் காகிதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. கொர்னேலியஸின் ஜூனியர் ஆஸியா. குன்னூர் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். அவள் பேசினால் பக்கத்தில் போய்க் குனிந்துதான் கேட்க வேண்டும்.

"அக்கா, அந்தக் குழாயை வாயில வெச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சுங்க மேடம். சில்லுனு. உதட்டுல கசந்துச்சு."

"ஏன் ஈரம்?"

"ஏட்டய்யா தொடச்சாருங்க. எனக்கு முன்னாடி நாலஞ்சு டிரைவருங்க அதுலதான் ஊதினாங்க. பொம்பள வாய் வெக்கிறதாச்சேன்னு, கை தொடைக்கிற சானிடைசரை ஊத்தி ஊத்தித் தொடச்சாரு. நல்ல மனுசன்."

ஆஸியாவும் கொர்னேலியஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீட்டியிருந்த காலைக் கொர்னேலியஸ் மடக்கிக்கொண்டார்.

"சானிடைசர்ல முக்காவாசி சாராயம்தான். சரி. ஆனா அது உடனே காஞ்சிரும்னு அரசு வக்கீல் சொல்லுவாரு. அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கே?"

ஆஸியா எழுந்து வந்து அந்தக் கேஸ் காகிதத்தைக் கையில் எடுத்தாள். "இந்தக் கேஸை நான் எடுத்துக்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

எடுத்துக்கொண்டவள் என்ன செய்தாள்? வாய்தா வாங்கினாள். சித்திரையில் ஏட்டு ஜெகதீசன் சாட்சி சொல்ல வந்து நின்றார். குறுக்கு விசாரணைக்கு நாள் வேண்டும் என்றாள் ஆஸியா. வைகாசியிலும் அதையே சொன்னாள். பிறகு மாஜிஸ்திரேட்டு மாறிப்போனார், மழை வந்தது, மண் சரிந்து ரோடு அடைத்தது. அதிலேயே ஐப்பசி வரை ஓடிவிட்டது. புது மாஜிஸ்திரேட்டு வந்து தேதி கொடுத்தால் அதையும் தள்ளிக் கேட்டாள்.

ராஜகுமாரி மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக் காட்டுக்குப் போனாள். அங்கே வாசுகி இருந்தாள். செடி நிரையில் பக்கத்தில் நின்று பறிக்கிறவள். கைக்கு எவ்வளவு வேகமோ வாய்க்கும் அவ்வளவு வேகம்.

"வாங்க குவாட்டர் குமாரி, இன்னிக்கு ஸ்டெடியா நிக்கிறீங்களா? சரிவுல பாத்துடி, உருண்டுருவே."

"வாயை மூடிட்டுப் பறி."

"நான் மூடிக்குவேன். உன்னையத்தான் தொறந்து ஊதச் சொல்றாங்க."

காடே சிரிக்கும். சாயங்காலம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தால் அம்மா தெய்வம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்பாள். "அந்தத் தொலுக்கப் புள்ளைக்குப் பேசவே பயமாட்டம் இருக்கு. அதான் தேதி கேட்டுக்கிட்டே கெடக்குது. வேற ஆளைப் பாரு புள்ள."

ஐப்பசி வாய்தா அன்று ராஜகுமாரிக்குத் தாங்க முடியவில்லை. கோர்ட்டுப் படிக்கட்டிலேயே ஆஸியாவை மறித்தாள்.

"உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லிருங்க மேடம். நானே கூண்டுல ஏறிப் பேசிக்கிறேன். இன்னும் எத்தன நாளைக்கு நான் தல குனிஞ்சுட்டு நடக்கிறது?"

ஆஸியாவின் கண் ஒரு கணம் கலங்கியது. பிறகு பையிலிருந்து ஒரு சானிடைசர் பாட்டிலையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் எடுத்தாள். குழாயைத் துடைத்து வெயிலில் பிடித்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் போய்விட்டது.

"சித்திரையிலயும் வைகாசியிலயும் இதைவிட வேகமா காஞ்சுச்சுக்கா. அத்தா கடை வாசல்ல வெச்சு மாசாமாசம் பாத்துட்டுத்தான் இருக்கேன். போன மார்கழியில, நீங்க ஊதின கொஞ்ச நாள் கழிச்சு, விடிஞ்சதும் தொடச்சு வெச்சேன். காயவே இல்ல. உள்ள முத்து முத்தா நின்னுச்சு. கீழ சமவெளியில இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அங்க தொடச்சதும் காஞ்சிரும். நம்ம ஊருப் பனியிலதான் காயாது. நான் வாயால சொன்னா ஜட்ஜு நம்ப மாட்டாரு, கண்ணால பாக்கணும். அதுக்கு மார்கழி வேணுமில்லக்கா."

ராஜகுமாரி அந்தக் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல" என்றாள் கடைசியில்.

"சொன்னா உங்கம்மா லயம் முழுக்கச் சொல்லுவாங்க. அப்புறம் ஏட்டு காதுக்குப் போயிரும்."

அது உண்மைதான்.

மார்கழி வந்தது. விசாரணை நாளன்று விடியும்போது எஸ்டேட்டுப் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. கோர்ட்டில் முதல் கேஸாகக் கூப்பிட்டார்கள். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த மாஜிஸ்திரேட்டு கறுப்பு அங்கிக்கு மேல் மப்ளரைச் சுற்றியிருந்தார். ஏட்டு ஜெகதீசன் கூண்டில் ஏறினார். தாடி விட்டிருந்தார். காக்கிச் சட்டைக் காலருக்குள் பழனி மாலை தெரிந்தது.

ஆஸியா எழுந்தாள். அன்று அவள் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. ராஜகுமாரியே திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"ஏட்டய்யா, உங்களை நல்ல மனுசன்னு என் கட்சிக்காரர் சொல்றாங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜெகதீசனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அவங்க ஊதறதுக்கு முன்னாடி குழாயைத் தொடச்சுக் குடுத்தீங்களாமே?"

"ஆமாங்க. அன்னிக்குப் புதுக் குழாய் தீந்து போச்சு. ஆம்பளைங்களுக்கு ஒரு தடவை தொடச்சேன். இந்தம்மாவுக்கு ரெண்டு மூணு தடவை உள்ளயும் ஊத்திக் கழுவினேன். கண்டவனுங்க எச்சியில ஒரு பொம்பள வாய் வெக்கிறதுக்கு எனக்கு மனசு கேக்கலீங்க."

"எதை ஊத்தினீங்க?"

"சானிடைசருங்க."

"கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஊதச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"பின்னாடி வண்டிங்க வரிசையா நின்னுச்சுங்க. மெஷின்லயே வந்துருச்சேன்னு விட்டுட்டோம்."

அரசு வக்கீல் எழுந்தார். சானிடைசர் நொடியில் ஆவியாகிவிடும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். ஆஸியா அதற்காகவே காத்திருந்தவள்போலத் திரும்பினாள்.

"ஆவியாகுதான்னு பாத்துடலாங்க ஐயா. அதே மெஷின் கோர்ட்டுக்கு வந்திருக்கு. அதே பனி வெளிய இருக்கு. தொடச்சவரும் இங்கதான் நிக்கிறாரு."

மாஜிஸ்திரேட்டு ஜன்னலைப் பார்த்தார். மப்ளரை இறுக்கிக்கொண்டு எழுந்தார். "வெராண்டாவுக்கு வாங்க" என்றார்.

மொத்தக் கோர்ட்டும் வெராண்டாவில் வந்து குவிந்தது. யார் ஊதுவது என்று கேள்வி வந்தது. அந்தம்மாவே ஊதட்டும் என்றார் அரசு வக்கீல்.

"அவங்க வேண்டாங்க. குடிக்காதவர்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிற ஒருத்தர் ஊதட்டும்" என்றாள் ஆஸியா. அவள் யாரையும் கை காட்டவில்லை. எல்லோர் கண்ணும் தானாகவே பழனி மாலைக்குப் போயிற்று.

"ஐயா, நான் மாலை போட்டிருக்கேனுங்க" என்றார் ஜெகதீசன்.

"அதனாலதான் ஏட்டய்யா."

முதலில் உறை பிரித்த புதுக் குழாயில் ஊதினார். பூஜ்யம். அடுத்து அன்றைக்குப் போலவே குழாயைச் சானிடைசர் ஊற்றிக் கழுவித் துடைக்கச் சொன்னார்கள். அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது மலைக்கு மேலே மூடுபனி விலகியது. மஞ்சளாக ஒரு கீற்று வெயில் வந்து வெராண்டாவில் விழுந்தது, சரியாக அவர் நின்ற இடத்தில். ராஜகுமாரி அந்த வெயிலையே பார்த்தாள். ஒரு வருஷம் காத்தது இந்தக் கையகல வெயிலில் போய்விடுமா? ஏட்டோ நல்ல பிள்ளையாக நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து வெயிலை வேண்டிக்கொண்டிருந்த மலைக்காரி, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பனியை வேண்டிக்கொண்டாள்.

"ஏட்டய்யா, நிழல்ல நின்னுதானே அன்னிக்குத் தொடச்சீங்க? ரோட்டோரத்துல மரத்தடியில?" என்று கேட்டாள் ஆஸியா.

"ஆமாங்க" என்று அவர் தூணுக்குப் பின்னால் தள்ளி நின்றார். அதற்குள் அடுத்த மேகப் பொதி இறங்கி வெயிலை மூடியது. மாஜிஸ்திரேட்டு வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. "ஊதுங்க" என்றார்.

ஜெகதீசன் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

மெஷின் கத்தியது. சீட்டு வெளியே வந்தது. அதை வாங்கிப் பார்த்த மாஜிஸ்திரேட்டின் புருவம் உயர்ந்தது. ராஜகுமாரிக்கு அன்று வந்ததைவிடக் கூடுதல்.

"முருகா" என்றார் ஏட்டு. முகம் வெளுத்துவிட்டது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கொர்னேலியஸின் குரல் கேட்டது. "என்ன ஜெகதீசா, கோர்ட்டுல நின்னதும் உனக்கும் இருமல் வந்துருச்சா?"

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே தீர்ப்பு வந்தது. குழாயில் இருப்பதும் குடலில் இருப்பதும் வேறு வேறு, இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய ரத்தப் பரிசோதனையைப் போலீஸ் செய்யவில்லை, எனவே இவர் குற்றமற்றவர் என்று வாசித்தார்கள். போலீஸ் பிடித்து வைத்திருந்த லைசென்ஸ் கைக்கு வந்தது. ராஜகுமாரி ஆஸியாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"குளிருதுங்களா மேடம்?"

"இல்லக்கா. பயம். காலையில இருந்தே" என்றாள் ஆஸியா, பழைய சன்னக் குரலில்.

மறு வாரம் வேன் கிளம்பியபோது லயத்து வாசலில் வாசுகி தன் மகளை ஏற்றிவிட வந்து நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்து ஓட்டு குமாரி."

"குவாட்டரு எங்க போச்சு?"

"அது ஏட்டுக்குப் போயிருச்சுடி" என்று கதவைச் சாத்தினாள் வாசுகி. தெய்வம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து, அந்தத் தொலுக்கப் புள்ளையை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வா என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள்.

சில்வர் ஓக் வளைவில் பனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பினால், அதே இடத்தில் ஒரு கை நீண்டு வண்டியை மறித்தது. ஜெகதீசன். ராஜகுமாரி கண்ணாடியை இறக்கினாள். அவர் புது உறையொன்றை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கிழித்தார், குழாயை எடுத்து மெஷினில் மாட்டி நீட்டினார். வேனுக்குள் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஊதினாள்.

பூஜ்யம். பின் சீட்டிலிருந்து கைதட்டல் கிளம்பியது.

"போங்கம்மா" என்றார் ஏட்டு.

ராஜகுமாரி கியரைப் போட்டாள். ஆனால் உடனே கிளம்பவில்லை. தலையை வெளியே நீட்டி, கரிசனத்தோடு கேட்டாள்.

"நீங்க இன்னிக்கு ஊதிட்டீங்களா ஏட்டய்யா?"