கரையாத ஜிங்க்

அஃப்சல் சாக்கில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். ஆசிஃபா அப்போது இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் மாதக்கணக்கில் வெளியே போகாமல், அயல் ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. கூடப்பிறந்த தம்பிக்குத் தடையில்லை. அவன்தான் தினமும் வந்து பாலும் காய்கறியும் வைத்துவிட்டுப் போவான்.

"கொஞ்சம் நகருக்கா, கால்ல போட்டுறப் போறேன்."

"என்னடா அது, அம்மிக்கல்லா?"

"அம்மிக்கல்லு எதுக்கு? மச்சானோடது."

தரையில் வைத்துச் சாக்கை விரித்தான். முழங்கை நீளத்துக்கு ஒரு துத்தநாகக் கட்டி. ஒரு பாதி வெள்ளி பெயிண்டில் புது எவர்சில்வர் பாத்திரம் போல மின்னியது. மறுபாதியில் பெயிண்ட் இல்லை. மங்கிய சாம்பல் நிறத்தில் கத்தியால் சுரண்டிய கோடுகள் மட்டும் இருந்தன.

"மச்சானோட அறுந்து விழுந்துச்சே, அந்தக் கூண்டக் கடல்லேர்ந்து தூக்கி நம்ம ஷாப்புக்கே ஸ்கிராப்பா அனுப்பிட்டாங்கக்கா. போய்ப் பாத்தேன். இரும்பெல்லாம் அப்பளம் மாதிரி ஆயிருக்கு, கைய வச்சா உதிருது. இந்த ஜிங்க்க மட்டும் பாரு. நான் அடிச்ச பெயிண்ட்டு. இத்தன வருஷம் உப்புத் தண்ணில கெடந்தும் அப்படியே நிக்குது. ஓனர் தனகோட்டி அண்ணன்கிட்ட கேட்டு அறுத்து எடுத்தாந்தேன். மச்சான் கடைசியா கை வச்ச சாமான். உன்கிட்ட இருக்கட்டும்."

அந்தக் கட்டியை ஆசிஃபா அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஏன் அதில் பாதி மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது என்பது உயிரோடிருப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் சமியுல்லாவுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. தண்ணீருக்குள் நிற்கும் இரும்பைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கி, படகுத்துறைத் தூண்களில் படிந்த பாசியையும் சிப்பியையும் கொட்டலசையும் சுரண்டி எடுப்பான். கொட்டலசு என்பது சிறு எரிமலை போல ஓடு கட்டி இரும்பில் ஒட்டிக்கொள்ளும் பூச்சி. கையை வைத்தால் கிழித்துவிடும். அதை வளர விட்டால் மேலே ஓடு தடித்துக்கொண்டே போகும், அடியில் இரும்பு இளைத்துக்கொண்டே போகும்.

கல்யாணமான புதிதில் நெய்வேலி டவுன்ஷிப்பில் அவர்கள் குடியிருந்த பிளாக்கில் எல்லோருக்கும் இது வேடிக்கை. "நெய்வேலில ஏதும்மா கடலு, உன் வூட்டுக்காரரு முங்குறதுக்கு?" என்பார்கள். "மைன்ஸ்ல தண்ணி ஊறுதுல்ல, அதுல முங்கி நிலக்கரி பொறுக்கியாறாரு" என்பாள் ஆசிஃபா. அவளுக்கு வேலையும் குவார்ட்டர்ஸும் இங்கே இருந்ததால் அவன் இங்கே வந்து குடியிருந்தான். விடியற்காலையில் பைக்கை எடுத்துக் குள்ளஞ்சாவடி வழியாகக் கடற்கரைக்குப் போனால், சாயங்காலம் தலைமுடியில் உப்புப் பூத்துத் திரும்புவான்.

அந்த வேலையும் குவார்ட்டர்ஸும் அவளுடைய அத்தா ஷேக் தாவூத் செத்ததால் வந்தவை. மைன்ஸில் பெர்மனென்ட்டாக இருந்தவர் ஒரு நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். உம்மா அதற்கு முன்பே இல்லை. வாரிசு வேலையாக ஆசிஃபாவுக்கு ஆஸ்பத்திரியில் கிளார்க் வேலை கிடைத்தது. அஃப்சல் அப்போது பள்ளிக்கூடப் பையன். அத்தா போன அன்று காலையில் சைக்கிள் வேண்டும் என்று அவரிடம் அழுது அடம்பிடித்திருந்தான். அதனால்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். யார் சொல்லியும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஆசிஃபா ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். விழுங்க மாட்டான். அவனைத் திரும்பப் பேசவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இன்றுவரை அவன் சைக்கிள் ஏறியதில்லை.

வளர்ந்து மந்தாரக்குப்பத்தில் தனகோட்டியின் இரும்பு ஷாப்பில் பெயிண்டராகச் சேர்ந்தான். கேட், ஷெட், தண்ணீர் டேங்க் என்று எல்லாம் செய்யும் ஷாப். நடுவில் கடலோரத்துத் தனியார் படகுத்துறைகளிலிருந்தும் ஆர்டர் வரும். படகில் ஏறி இறங்க, பாதி தண்ணீருக்கு மேலும் பாதி தண்ணீருக்குள்ளும் தொங்குகிற படிக்கட்டுக் கூண்டு. ஆர்டர் கொடுத்தவர்கள் சரக்கைப் பார்க்க வருவதை ஷாப்பில் 'விசிட்டு' என்பார்கள். விசிட்டு என்றால் தனகோட்டிக்கு ஒரே பேச்சுத்தான்: "மாடு நின்னாலும் அதுக்கும் ஒரு கோட்டிங் போட்டுடு." அஃப்சல் கூண்டுக்கு அடித்தான். போல்ட்டுக்கு அடித்தான். கூண்டில் வெல்டிங் வைத்திருந்த ஜிங்க் கட்டிகளுக்கும் அடித்தான். மச்சான் மாதிரி ஆட்கள் இறங்குகிற சாமான் ஆயிற்றே என்று, எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் ஜிங்குக்கு மூன்று கோட்டிங். அடிக்காதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை.

அந்தப் படகுத்துறையின் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் இந்த வருஷம்தான் சமியுல்லாவுக்கு வந்தது. இறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவன் தானாகச் சிரித்தான்.

"உன் தம்பி பெரிய ஆளுதான்."

"ஏன் மச்சான், என்ன பண்ணுனான்?"

"கொட்டலசச் சுரண்டுனா உள்ள பளபளன்னு ஜிங்க்கு. வெள்ளி பெயிண்ட்டு. யாரு வேலன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஷாப்புல வேற எவன் இவ்ளோ அழகா அடிப்பான்?"

"நல்லதுதான?"

"நல்லதா?" கைகழுவும் இடத்திலிருந்த சோப்பைக் காட்டினான். "அந்த சோப்பு ஒரு மாசமாத் தேயாம அப்படியே இருந்தா என்ன அர்த்தம்?"

"வூட்ல எவனும் குளிக்கலன்னு அர்த்தம்."

"அதான். கடலு எதையாச்சும் தின்னுகிட்டேதான் இருக்கும். இரும்பத் தின்னாத, இந்தா இதத் தின்னுன்னு ஜிங்க்க வக்கிறது. அது தேயணும். தேஞ்சாத்தான் கூண்டு பொழைக்கும். உன் தம்பி அத மூடி வச்சிட்டான். கடலு வாய் வச்சுப் பாத்துட்டு, சரி போன்னு கூண்டத் தின்னுருச்சு."

ஆசிஃபா சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப அந்தக் கூண்டு?"

"லேசா ஆடுது. மாத்தணும்னு துறைக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். பாக்குறோம்னாங்க. பெயிண்ட்டப் பத்தி மட்டும் வாயத் தெறக்கல. தெரிஞ்சா தனகோட்டி இவன் மேல பழியப் போட்டுத் தொரத்திருவான். நாளைக்கு நானே சத்தமில்லாம சுரண்டிட்டு வந்துர்றேன். நீ அவன்கிட்ட உளறி வச்சிறாத. பய மூணு நாளு சோறு திங்க மாட்டான்."

மறுநாள் கூண்டின் மேல் கொக்கி அறுந்து, கூண்டு அவனோடு அடியில் போய் உட்கார்ந்தது. ஆசிஃபா பார்ப்பதற்காக உடலை நெய்வேலிக்குக் கொண்டுவந்து, பிறகு சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

சாவை விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் முன்னறையில் உட்கார்ந்து, மேலே நின்று சமியுல்லாவின் காற்றுக் குழாயைப் பிடித்திருந்த மருதமுத்துவைக் கேட்டார்கள். ஆசிஃபா திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"கொட்டலசு வேல முன்னாடி நாளே முடிஞ்சிச்சுங்க. சின்ன வேல ஒண்ணு பாக்கி, இரு வரேன்னு சிரிச்சிகினே எறங்குனாருங்க. கொஞ்ச நேரத்துல ட்யூப்பு என் கைய அறுத்துகினு ஓடுது..."

"வேலதான் முடிஞ்சிருச்சே, எதுக்கு மறுபடி எறங்குனாரு?"

"தெரியலைங்களே."

"எங்களுக்கும் அதான் சார் புரியல" என்றான் அஃப்சல்.

ஆசிஃபா திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விபத்து என்று எழுதிக்கொண்டு அவர்கள் போனார்கள். போனவன் போய்விட்டான். இருப்பவனையாவது காப்பாற்ற வேண்டும். அவளுக்கு மிச்சம் இருந்த வேலை அது ஒன்றுதான்.

இப்போது அந்த ஜிங்க் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"பாதி சுரண்டியிருக்கே ஏன்க்கா? கொட்டலசு இந்தப் பக்கம் ஜாஸ்தியோ?" என்றான் அஃப்சல்.

"இருக்கும்" என்றாள்.

அவன் போனபின் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமியுல்லா இடதுகைக்காரன். கோடுகள் எல்லாம் அவன் கைச்சாய்வில் இருந்தன. ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். வரிசையாக வந்த கோடுகள் பாதியில் முடிந்து, கடைசியாக ஒன்று மட்டும் நீளமாகக் கோணி, பெயிண்டுக்குள் ஓடி நின்றிருந்தது. கூண்டு நழுவிய நேரத்தின் கோடு அது. தினமும் தொழுது முடித்ததும் அங்கே வந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அஃப்சல் வெள்ளி பெயிண்ட் டின்னும் பிரஷுமாக வந்தான்.

"அந்தப் பாதியப் பாத்தாலே மனசுக்கு ஒரு மாதிரி இருக்குக்கா. ரோகம் புடிச்ச மாதிரி. முழுசாக்கிடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பான். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினான். உண்மையிலேயே அழகாக அடித்தான். பிரஷ் போன இடத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிக் கோணல் கோட்டின் மேலும் பிரஷ் போனது. ஆசிஃபா அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முடிஞ்சிது" என்று தின்னரில் கையைத் துடைத்தான். "பிரஷ்ஷு ஷாப்புக்குன்னு வாங்குனது. திங்கக்கிழம விசிட்டு. பெரிய ஆர்டருக்கா, மூணு கூண்டு. ஜிங்க்கு மட்டும் குவிஞ்சு கெடக்கு. எல்லாத்துக்கும் நான்தான் அடிக்கணும்."

"யாருடா எறங்குவா அதுல?"

"மருதமுத்து அண்ணன்தான். மச்சான் எடத்துல இனிமே அவருதான் முங்குறாரு."

மருதமுத்துவின் மனைவி காடாம்புலியூர்க்காரி. இத்தா தொடங்கிய வாரம் தூக்குவாளி நிறையப் பலாச்சுளையோடு வந்து, இவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனவள்.

"அஃப்சலு" என்றாள் ஆசிஃபா. "ஜிங்க்குக்கு மட்டும் அடிக்காத."

"ஏன்?"

அவள் கண் தானாகக் கைகழுவும் இடத்துக்குப் போனது. "அந்த சோப்பு ஒரு மாசமாத் தேயாம இருந்தா என்ன அர்த்தம்?"

"எவனும் குளிக்கலன்னு அர்த்தம்" என்று அவனும் சிரித்தான். சிரித்தபடியே அக்காவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பளபளக்கும் கட்டியைப் பார்த்தான். அப்பளமாக உதிர்ந்த இரும்பு அவன் கைக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"தேஞ்சிருக்கணுமா இது?"

அவள் தலையசைத்தாள்.

"அதான் மச்சான் சுரண்டுனாரா?"

"ஆமா."

"அதுக்குத்தான் மறுபடி எறங்குனாரா?"

அவன் தின்னர் துணியை எடுத்து ஈரப் பெயிண்டைத் துடைக்கத் தொடங்கினான். மேலே இருந்தது வந்துவிட்டது. கோடுகளுக்குள் இறங்கியது வரவில்லை. அழுத்தித் துடைக்கத் துடைக்க, சமியுல்லாவின் கோடுகள் வெள்ளிக் கம்பிகளாக மின்னின. நகத்தால் கீறினான். விரல் நுனியில் ரத்தம் வந்ததும் ஆசிஃபா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன கூண்டுக்கு அடிச்சேன்னு ஞாபகமில்லக்கா" என்றான். "எந்த ஊருக் கடலுன்னுகூடத் தெரியாது. அடிச்சேன், லாரில ஏத்துனாங்க, போயிருச்சு."

திங்கட்கிழமை ஜிங்குக்கு அடிக்க மாட்டேன் என்று நின்றான். விசிட்டு வரும்போது மங்கலாக இருந்தால் சரக்கைத் திருப்பிவிடுவார்கள் என்று சொல்லி, தனகோட்டி வேறு பெயிண்டரைக் கூப்பிட்டு அடிக்கவைத்தார். அஃப்சலை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவன் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான்.

ஆசிஃபா மருதமுத்துவுக்கு ஆள் அனுப்பினாள். அவர் புதன்கிழமை வந்து சன்னலுக்கு வெளியே நின்று, திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒருமுறை தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேள சொன்னீங்கம்மா" என்றார். "நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. அதுக்கென்ன, எறங்குறப்ப நானே கொஞ்சம் கொஞ்சமா சுரண்டிகினு வந்துடுறேன்."

அவர் போன பின்னும் அவள் திரையருகிலேயே நின்றிருந்தாள். ஷிஃப்ட் சங்கு ஊதியது. உள்ளே அஃப்சல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் தட்டை எடுத்து, சோற்றைப் பிசைந்து, அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாங்கிக்கொண்டான். விழுங்கவில்லை.

மூன்று நாள் என்றுதான் சமியுல்லா கணக்குச் சொல்லியிருந்தான். அது எப்போதோ தாண்டிவிட்டது.