அவிழ்ந்துகொண்டே இருந்த ஹாப்ஸ் கொடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. சாயங்காலம் கயிற்றில் சுற்றிவிட்ட கொடி காலையில் ஏன் அவிழ்ந்து கிடக்கிறது? என் கொல்லையில் நடந்தது அது. நான் அதை 1946-க்கு, வரதராசன்பேட்டைக்குக் கொண்டுபோய் அடைக்கலசாமியின் தலையில் கட்டிவிட்டேன்.

(ஹாப்ஸின் பூங்கொத்து பச்சையாக, செதில் செதிலாக இருக்கும். உள்ளே மஞ்சள் தூள். பீருக்குக் கசப்பும் மணமும் அதிலிருந்துதான்; சீக்கிரம் கெடாமலும் காக்கும்.)

2

"போர் முடிந்த மறுவருஷம், செம்மண் பூமியில் ஒரு" — வேண்டாம். போரைப் பற்றி அடைக்கலசாமியே பேசமாட்டான். பட்டாளத்துக்குப் போனவன், ஜெர்மானியரிடம் மூன்று வருஷம் கைதி. அதில் மனைவி தெரசம்மாளிடம் சொல்லக்கூடியது, ஹாப்ஸ் பறித்த ஒரு மாதத்தின் வாசனை மட்டும்தான். அதையும் வாயால் சொல்ல வரவில்லை. ஒரு பானை பீர் காய்ச்சி அவள் மூக்கருகே நீட்டிவிட நினைத்தான். ஈர மரத்தூளில் புதைத்து நான்கு வேர்த்துண்டுகள் கொண்டுவந்தான். ஒன்றுதான் முளைத்தது.

(கைதியை வேரோடு கப்பலில் ஏற்றுவார்களா? எனக்கும் சந்தேகம்தான். ஏற்றிவிட்டேன்.)

3

அவரைக்கொடியைச் சுற்றுவதுபோலவே தினமும் சுற்றினான். தினமும் அவிழ்ந்தது. நார் போட்டுக் கட்டினான்; நுனி ஒடிந்தது. அங்கே அவன் பூப்பறித்தவன்தான், கொடி ஏற்றியவன் அல்ல.

"ஜெர்மன்காரன் ஒங்கள ஜெயில்ல வச்சிருந்தானா, சாராயக் கடையில வச்சிருந்தானா?" என்றாள் தெரசம்மாள்.

"பூக்கட்டும், அப்புறம் பேசு."

"கெணத்துல அடிமண்ணு தெரியுது. குருத்தோலை ஞாயிறு வரைக்கும்தான் இதுக்கு ரெண்டு கொடம். அப்பவும் தரையில கெடந்தா புடுங்கிட்டு அவரை போட்டுடுவேன்."

4

கொடி காய்ந்துபோகும் முடிவை எழுதி அடித்தேன். பூத்துக் குலுங்கும் முடிவையும் அடித்தேன்: இங்கே கோடையிலும் பகல் அந்தக் கொடிக்குப் போதிய நீளமில்லை, பூத்தாலும் நாலைந்துதான். அவற்றில் ஒன்றையாவது அவள் கசக்கி முகர்வாளா? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

கெடுவுக்கு முந்தின நாள், தண்ணீர் ஊற்ற வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. நீங்க தொடாத கொழுந்து ஒண்ணு தானா ரெண்டு சுத்து ஏறியிருக்கு. நீங்க சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா."

அவன் அந்தச் சுற்றை விரலால் தொடர்ந்து பார்த்தான். "அப்ப நான் சுத்துனதையெல்லாம் இது அவுத்துக்கிட்டே இருந்துருக்கு."

"பிடிவாதத்துல ஒங்களுக்குச் சோடிதான்." குடத்தைச் சாய்த்தாள். "நான் ஊத்துறேன். நீங்க திருப்பிச் சுத்துங்க."

சுற்றினான். மறுநாள் காலையில் கொடி கயிற்றிலேயே இருந்தது.

மேலிருந்து பார்த்தால், அவரை கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி ஏறும். ஹாப்ஸ் முள் போகும் பக்கமாகவே ஏறும். கொழுந்தை அந்தப் பக்கம் சுற்றிவிட்டால் அவிழாது.