சூடத்தை அணைத்தவன்

சேலம் ஜில்லாவில் சாராயக் கடைகளை மூடினார்கள். கடையை மூடினால் குடி நின்றுவிடுமா? சேந்தமங்கலத்து ராசப்பனுக்கு அன்றைக்குத்தான் சுக்கிர திசை பிறந்தது. மலைமேல் குண்டூர் நாட்டுக் காட்டில் சாராயம் காய்ச்ச ஆள் வைத்தான். வாய் திறப்பவனை அடக்கவும் ஆள் வைத்தான். சென்றாயன் அடக்குகிற ஆள். மீசை இப்போதுதான் கறுக்கிறது. ராசப்பன் கைகாட்டிய ஒருவனின் காலை முறித்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விட்டு வரவும் வழியில்லை. விட்டுப் போன ஒருவனை மலைப் பள்ளத்தில் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

போன வாரம் போலீஸ் வந்து பானைகளை உடைத்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். காட்டிக் கொடுத்தது யார் என்பதை, இன்று காலை களி போட்டபடியே அவன் அம்மா அத்தாயி சொன்னாள்.

"நாந்தான் சாமி சொன்னேன். செயிலுக்குப் போனாலும் உசுரோட இருப்பயில்ல. அவங்கிட்ட இருந்தா உன்னையப் பொணமாத்தான் பாப்பேன்."

பெற்றவள் செய்கிற காரியமா என்று அவனுக்குக் கோபம் வந்தது. பெற்றவள்தானே செய்வாள் என்று அழுகையும் வந்தது.

மத்தியானம் கருப்பனார் கோயிலில் ராசப்பன் எல்லோரையும் கூட்டிச் சூடத்தைக் கொளுத்தினான்.

"நான் சொல்லலைன்னு கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கடா. அணைக்காதவன் துரோகி."

முதலில் அப்பாசாமியைக் கூப்பிட்டான். காய்ச்சுகிறவன், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னால ஆகாதுங்க. ஊட்டுல முழுகாம இருக்கறா."

மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது அந்த மலையில் எவனும் சத்தியம் செய்யமாட்டான். உண்மையே ஆனாலும் அது வயிற்றுப் பிள்ளையைத் தொடும் என்பார்கள். கீழ்நாட்டிலிருந்து வந்த ராசப்பனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா?" என்றான் ராசப்பன். இரண்டு பேர் அப்பாசாமியின் கையைப் பின்னால் கட்டினார்கள்.

"ஏனுங்க, அது எங்க மலை வழக்கமுங்க" என்றான் சென்றாயன்.

"அப்ப சொன்னது யாருடா?"

பேசாமல் இருந்தால் அப்பாசாமி போவான். பிறக்கப்போகிற பிள்ளை அப்பனைப் பார்க்காது. அம்மா பேரைச் சொன்னால், அவளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு ராசப்பன் வெற்றிலை போடுவான். சென்றாயனுக்குப் பயம்தான், வேறென்ன?

முன்னால் போய், எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான்.

"நாந்தான் சொன்னேன். கருப்பன் மேல சத்தியமுங்க."

பொய்ச் சத்தியத்துக்குக் கருப்பனார் என்ன கூலி கொடுப்பார் என்று மலையில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தான்.

ராசப்பன் அப்பாசாமியை அவிழ்த்துவிடச் சொன்னான். பிறகு சென்றாயனைக் காட்டி, பள்ளத்துப் பக்கம் தலையசைத்தான்.

அப்பாசாமி ஓடிவந்து காலில் விழுந்தான். "ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன?"

சென்றாயன் அவனைத் தூக்கி நிறுத்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"எங்கம்மா கேட்டா, போலீசு புடிச்சுட்டுப் போயிருச்சுன்னு சொல்லிரு. சந்தோசப்படும்."