பறிக்காமல் விட்ட மொட்டு

என் வயலில் பூப்பறிக்க வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்றுதான். முற்றிய மொட்டைச் செடியில் விடக்கூடாது. காலையில் விட்ட மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும். விரிந்த மல்லிகையை நிலக்கோட்டைச் சந்தையில் சீந்துவார் இல்லை. அதனால் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் வரப்பைச் சுற்றி வருவேன். எந்த வரிசையில் பூ விரிந்து வெள்ளை தெரிகிறதோ, மறுநாள் அந்த வரிசைக்காரிக்கு என் வாயால் அர்ச்சனை. வீரலட்சுமி வாய்க்குப் பயந்து மொட்டு தானாகவே உதிரும் என்று பூ ஏற்றிப்போகும் வேன்காரர் பொம்மையன் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும்.

அம்பிகா என் கொழுந்தன் மனைவி. திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமுக்கக் கள்ளி. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டாள். மத்தியானம் சாப்பிட்டதும் மோட்டார் ரூமுக்குப் போய்விடுவாள். தூங்கத்தான் போகிறாள் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் இந்த வைகாசியில் ஒரு நாள், பறிப்பின் நடுவே, "போன்ல ஒரு தொடர்கதை வருது. சொல்லட்டா?" என்று கேட்டாள். பூப்பறிக்கிறவர்களுக்குக் கைதான் வேலை செய்யும், காது சும்மாதானே இருக்கிறது. சொல்லு என்றார்கள்.

பவளம் என்று ஒரு பெண். புருஷன் வீட்டில் படாத பாடு பட்டு, ஒரு நாள் கட்டிய சேலையோடு வெளியே வந்து, அகரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தனியாகக் குடியிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அம்பிகா சொன்ன விதம் இருக்கிறதே, பவளம் அடுத்த வரிசையில் நின்று மொட்டுக் கிள்ளுவது போல இருந்தது. இரண்டாம் நாளே ஒரு அதிசயம் பார்த்தேன். எப்போதும் முந்தி ஓடுகிறவள் நின்று பறித்தாள், பிந்துகிறவள் ஓடி வந்து சேர்ந்தாள். அம்பிகாவின் குரல் எட்டுகிற தூரத்தை விட்டு யாரும் நகரவில்லை. எட்டுப் பேரும் நாற்று நடுகிறவர்களைப் போல ஒரே சீராகப் போனார்கள்.

ஆனால் சாயங்காலம் போய்ப் பார்த்தால் வயலில் அங்கங்கே வெள்ளை. ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை, பத்தடி தள்ளிக் கொத்துக் கொத்தாக விரிந்து கிடக்கிறது.

"ஏன்த்தா, கதை கேக்க வந்தீகளா, பூப்பறிக்க வந்தீகளா?" என்று மறுநாள் கத்தினேன். ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்திவிட்டு நானும் ஒரு வரிசையில் இறங்கினேன். மேற்பார்வைக்காக என்றுதான் சொன்னேன்.

இருபதாம் நாள் வாக்கில் பவளத்தின் புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வருகிறது. பவளம் திரும்பிப் போகிறாள், வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். அம்பிகா அதைச் சொன்னதும் முத்துப்பேச்சியின் கை நின்றது. சேவுகம்பட்டியிலிருந்து வருகிறவள் முத்துப்பேச்சி, வயது அறுபதுக்குக் கிட்ட. கட்டினவன் தள்ளிவைத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. அவள் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் பேசியதில்லை.

"அவ போகமாட்டா தாயி" என்றாள்.

"போனான்னுதான் வந்திருக்கு பெரியம்மா."

"வாசல் வரைக்கும் போவா. நடை ஏறமாட்டா. எழுதுன ஆளுக்கு வெவரம் பத்தல."

அம்பிகா அன்றைக்குக் கதையை அதோடு நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் வந்து, "நேத்து நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். பவளம் வாசல் வரைக்கும்தான் போயிருக்கா" என்றாள். உள்ளே புருஷன் வீட்டார் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நிற்கிற பவளம், தான் இல்லாமல் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பி நடக்கிறாள். முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் மூளை இருக்கிறது. அன்று மத்தியானம் நேரே மோட்டார் ரூமுக்குப் போனேன். அம்பிகா தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"முத்துப்பேச்சி சொன்னதை ஒரே ராத்திரியில கேட்டு மாத்துறது எந்த ஊர்ப் போனுடி?"

முதலில் இல்லை என்றாள். அப்புறம் அழுதாள். அழுது முடித்து, உரச் சாக்குக்கு அடியிலிருந்து ஏழு நீள நோட்டுகளை எடுத்து வைத்தாள். நாலு வருஷமாக எழுதியிருக்கிறாள். நாலு வருஷம்! நான் ஒரு புதுச் சேலை எடுத்தால் நாலு மணி நேரம் சொல்லாமல் இருக்கமாட்டேன். இவள் ஒரு நாவலை மடியில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று மொட்டுக் கிள்ளியிருக்கிறாள். எனக்கு மலைப்பாக இருந்தது. தூங்குகிறாள் என்று சொன்ன என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலவும் இருந்தது.

"எதுக்குத்தா இந்தப் பாடு?"

"காலையில பறிக்கிற பூ மறுநாள் வாடிருதுக்கா. ஆக்குற சோறு அன்னைக்கே தீந்துருது. நான் செய்யிறதுல ஒண்ணாச்சும் மறுநாளைக்கும் கெடக்கணும்னு இருந்துச்சு."

நோட்டுகளுக்குக் கீழே ஒரு பெரிய கவர் இருந்தது. கதை முழுவதையும் டைப் அடித்து உள்ளே போட்டு, மதுரைப் பதிப்பகம் ஒன்றின் விலாசம் எழுதி, ஒட்டாமல் வைத்திருந்தாள். புதிதாக எழுதுகிறவர்களிடம் நாவல் கேட்டிருக்கிறார்கள். கடைசித் தேதி நாளை, புதன்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. கவர் தயாராகி ஒரு மாதம் ஆகிவிட்டது.

"ஏன் அனுப்பல?"

"படிச்சுட்டுச் சிரிச்சுட்டாங்கன்னா? பூக்காரிக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டுட்டாங்கன்னா? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்க்கா. இதுவும் நல்லால்லன்னு ஆயிருச்சுன்னா, அப்புறம் மத்தியானத்துல நான் என்ன செய்வேன்?" கவரைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள். "அதான் போன்ல வந்ததுன்னு சொன்னேன். நல்லால்லன்னா எவளோ எழுதுனதுன்னு விட்டுரலாம்ல."

கதை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் என்ன மதிப்பு, ஓரகத்திதானே. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் வழக்கம்போல வரப்பில் ஏறியபோது, பாதி வழியில் நின்று திரும்பிப் போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"இந்தா பாரு. கிழக்குப் பக்கத்துல ஆரம்பிச்சீக. இங்க வெள்ளையே இல்ல. இங்கன என்ன சொன்ன?"

யோசித்தாள். "முந்துன நாள் கதையைச் சுருக்கிச் சொன்னேன்."

"இங்க?" கொத்தாக விரிந்திருந்தது. எட்டு வரிசையிலும் அந்த இடத்துக்கு நேராக மட்டும், யாரோ சுண்ணாம்பால் கோடு போட்டது போல வெள்ளை.

அம்பிகா அந்த இடத்தில் நின்றுவிட்டாள். "பவளம் வாசல்ல நிக்கிறா" என்றாள்.

"எட்டுப் பேருக்கும் கை ஓடல. எனக்குந்தான். என் வாய்க்குப் பயப்படாம இத்தனை மொட்டை விட்டிருக்காளுகன்னா, அது சும்மா இல்ல." இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனோம். ஒரு பெரிய துண்டு நிலத்தில் பச்சை மட்டுமே தெரிந்தது. "இங்க ஒருத்தி ஒரு மொட்டு விடல. துப்புரவாப் பறிச்சிருக்காளுக. இங்கன என்ன?"

"தோப்புல தென்னைக்கு உரம் வைக்கிறது. எட்டுப் பக்கம்."

"அதைக் குறைச்சுக்க."

ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தாளே தவிர, அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலை. வரிசையில் இறங்கியதும் முத்துப்பேச்சி கேட்டாள், "கதை வந்துச்சா தாயி?"

அம்பிகா கையில் இருந்த மொட்டைக் கூடையில் போட்டாள். இன்னொன்று கிள்ளினாள். அதையும் போட்டாள்.

"போன்ல வரல பெரியம்மா. நான்தான் எழுதுறேன். மொதல்ல இருந்து நான்தான்."

முத்துப்பேச்சி செடியைத் தாண்டி இவள் வரிசைக்கு வந்தாள். "அந்த வாசல்ல நின்னவளை நீ எங்க பாத்த?"

"பாக்கல. நீங்க சொன்னதை வச்சு யோசிச்சேன்."

"அது நான்தான் தாயி. அவன் என்னைத் தள்ளிவைக்கல. நான் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். நீ எழுதுன மாதிரிதான், உள்ள சிரிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க."

அம்பிகா பயந்ததெல்லாம் இதற்கும் சேர்த்துத்தான். கதையில் வருவது நான்தான் என்று யாராவது கண்டுகொண்டு சண்டைக்கு வருவார்கள் என்ற பயம். "மன்னிச்சுக்கங்க பெரியம்மா. யாருக்கும் தெரியாம மாத்திருறேன்."

"மாத்து. பவளம்னு எவளையும் எனக்குத் தெரியாது. முத்துப்பேச்சின்னு போடு."

"ஊருக்கே தெரிஞ்சுரும்."

"முப்பது வருசமா வாழாவெட்டின்னு ஊருக்கே தெரியும். இதுவும் தெரியட்டும்."

அன்று மத்தியானம் மோட்டார் ரூமில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் பக்கம் புரட்டினேன். அவள் ஒவ்வொரு பவளத்தையும் பேனாவால் அடித்து மேலே முத்துப்பேச்சி என்று எழுதினாள். அடுப்பைப் பற்றவைக்கிற பக்கம் இருந்த இடத்தில், வாசலில் நிற்கிற பக்கத்தைக் கையால் எழுதிச் செருகினாள். உரம் வைக்கிற எட்டுப் பக்கத்தையும் உருவி வெளியே போட்டாள். நாற்பதாம் பக்கத்தில் வாயாடியான தோப்புக்காரி ஒருத்தி வந்தாள். இது யார் என்று கேட்டேன். "சும்மா கற்பனைக்கா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். நான் மேலே கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன்.

நாலு மணி பஸ்ஸில் அம்பிகா கவரை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். ஆறரைக்குப் போன் செய்து, கையிலேயே கொடுத்துவிட்டேன் என்றாள். அவர்கள் அதைப் போடுவார்களா மாட்டார்களா, அது எனக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு வயலுக்குப் போனேன். காலையில் முத்துப்பேச்சி வாய் திறந்த இடத்திலிருந்து ஒரு வரிசை பாக்கியில்லாமல் வெள்ளை. நாளைக் காலையில் எட்டுப் பேரையும் நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. கேட்க முடியாது. மற்ற எல்லா வரிசையையும்விட அதிகமாக விரிந்திருந்தது என் வரிசையில்தான்.