ஒரு கரண்டிச் சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை, இராசலிங்கம் ஐயாவின் வயிற்றிலிருந்து தொங்கிய குழாய்ப் பையில் ஒரு கரண்டி அளவு சிவப்பு இறங்கியிருந்தது. முதலில் கண்டவள் காத்தாயி. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் அந்த வீட்டுக்குச் சமைக்க வருகிறவள். கண்டியில் ஐயாவின் கணையத்துப் புற்றுக்கட்டியை வெட்டியெடுத்த பிறகு, பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் பாய் விரித்துக் கிடந்தவளும் அவள்தான்.

“ஐயா, ரத்தம். கெளம்புங்க.”

“நேற்று பீற்றூட் சாப்பிட்டவர்,” என்றாள் மனைவி தங்கேஸ்வரி.

“பீட்ரூட்டு இந்தப் பைக்கு வராதும்மா. நர்சம்மா என்னா சொன்னாங்க? கணையத் தண்ணி கசிஞ்சு ரத்தக் குழாய அரிக்கும், மொதல்ல கொஞ்சமா காட்டிட்டு நின்னுக்கும், அடுத்தது கொட்டும்னாங்கல்ல?”

ஐயா கண்ணாடி போட்டுப் பையைப் பரிசீலித்தார். “நிண்டிட்டுது. நாளைக்குப் போவம்.”

“ஏன் நாளைக்கு?”

“கடிதம் வேணும். அடையாள அட்டையில யாழ்ப்பாணம், சாவகச்சேரி எண்டு கிடக்கு. கிராம சேவகரின்ர கடிதமில்லாமல் சோதனைச் சாவடியில இறக்கிப்போடுவாங்கள். இண்டைக்கு ஞாயிறு, அவற்ற கந்தோர் பூட்டு.”

பயம் பொய்யில்லை. யுத்தம் உச்சத்திலிருந்த 2008ஆம் வருடம் அது. சத்திரசிகிச்சைக்கு முந்தின மாதம்தான் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி நாலு மணி நேரம் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் கடிதத்தின் மேல் ஐயாவுக்கிருந்த பக்தி யுத்தத்துக்கும் மூத்தது. மாத்தளை அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த காத்தாயி பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கு அவரிடம் போனபோது, “தோட்டத்துக் கடிதம் எங்க?” என்றார். கொண்டுபோனாள். “சீல் எங்க? நாளைக்கு வா.” சீலோடு போனாள். “திகதி எங்க? நாளைக்கு வா.”

“ரத்தக் குழாய் கந்தோர் தெறக்கிற வரைக்கும் பொறுத்துக்குமாய்யா? அதுக்கும் ஒரு கடிதம் போட்டுப் பாருங்களேன்.”

“காத்தாயி! வாயை அடக்கு!” என்றார் ஐயா.

“வாய் மட்டுமில்லைங்க, வாசல்ல நான் வரச்சொன்ன ஜுனைதீனோட திரீவீல் ஆட்டோவும் வந்து நிக்குது.”

தங்கேஸ்வரி புருஷனைக் கேட்காமல் செருப்பைப் போட்டாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அது முதல் தடவை.

முதல் சாவடியில் ஐயா அடையாள அட்டை, ஓய்வூதிய அட்டை, மின்சார பில் மூன்றையும் விசிறிபோல விரித்து நீட்டினார். காத்தாயி நீட்டியது பையை. பாதி நிரம்பியிருந்தது. எட்டிப்பார்த்த சிப்பாய்ப் பையனின் முகம் வெளுத்தது.

“யன்ட, யன்ட!” என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கத்தித் தடையைத் தூக்கினான்.

“திகதிகூடப் பார்க்கேல்லை,” என்றார் ஐயா, மனத்தாங்கலோடு.

கண்டி ஆஸ்பத்திரி வாசலில் பை நிரம்பி, ஐயா உடுத்திருந்த சாரமும் நனைந்துவிட்டது. பெரிய டாக்டர் ஓடிவந்தார். “தொடை வழியாக் கம்பி விட்டு, ஓட்டை விழுந்த நாடியை உள்ளேயே அடைக்கணும். உடனே கையெழுத்து வேணும்.”

“என்ன எழுதியிருக்கெண்டு… ஒருக்கா வாசிச்சு…” ஐயாவின் உதடு வெள்ளையாயிருந்தது.

தங்கேஸ்வரி பேனையைப் பிடுங்கி அவளே போட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். “அடைச்சாச்சு. வீட்டுல இருந்திருந்தா ஆள் இல்ல.” தங்கேஸ்வரி காத்தாயியின் கையைப் பிடித்தவள், விடவில்லை.

நாலாம் நாள் ஐயாவுக்குக் குரல் வந்தது. “காத்தாயி, திரும்பிப் போறதுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம்…”

“குடுத்திருக்காங்கய்யா.” அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆனா சீலைக் காணோமே. நாளைக்கு வாங்க.”