ஸ்கேலுக்குப் போகும் சாப்பாடு

இருபத்திரண்டாம் நாளாக அவள் உருளைக்கிழங்கை இருமுறை வேகவைத்து, இருமுறையும் நீரைக் கொட்டினாள். சிறுநீரகம் பழுதானவருக்கு அப்படித்தான் சமைக்க வேண்டுமாம். உப்பைக் கண்ணிலும் காட்டக் கூடாதாம். நோயாளி அவளுடைய தகப்பனாராக இருந்திருந்தால் மூன்று முறைகூட வேகவைத்திருப்பாள். அவரோ, அவள் கணவனின் வேலைக்கு உலைவைத்த மேற்பார்வையாளர்.

சட்டைப்பையில் எந்நேரமும் இரும்பு அளவுகோல் செருகியிருப்பதால், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். அங்கே வெட்டும் இயந்திரத்தில் பதினான்கு ஆண்டுகள் நின்றவன் அவள் கணவன். இயந்திரத்தை இயக்குவதற்கு முன் அரை நிமிடம் கண்மூடி, எல்லோர் காதிலும் விழும்படி இயேசுவின் பெயரைச் சொல்லி, அங்குள்ள அனைவரின் கைவிரல்களுக்காகவும் ஜெபிப்பான். மனத்துக்குள் ஜெபித்துத் தொலைக்கும்படி ஸ்கேல் மும்முறை எச்சரித்தும் அவன் அசையவில்லை. ஓடும் இயந்திரத்தின் முன் கண்ணை மூடுகிறான் என்று அவர் புகார் எழுதிவிட்டார். இயந்திரம் ஓடவேயில்லை என்பது அனைவருக்கும் தெரியும். சாட்சி சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவனை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை.

இதற்கிடையே ஸ்கேல் படுக்கையில் விழுந்தார். தனிக்கட்டை. செய்தி கேட்டதும், பகைவரை நேசிக்கச் சொன்னவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கூறி, கணவன் பரண்மேலிருந்த அடுக்குப் பாத்திரத்தை இறக்கினான். நேசிப்பது அவன், வேகவைப்பது அவள்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதத்தை அவளுடைய அண்ணன் தட்டச்சு செய்து தந்திருந்தார். ஸ்கேலின் கையெழுத்து மட்டுமே பாக்கி. கணவன் அதைத் தொடவும் மறுத்தான்.

"இதோட போனா அது சாப்பாடு இல்ல, லஞ்சம்."

"திங்கட்கிழமைக்கு அப்புறம் நமக்கு யாருங்க சாப்பாடு கொண்டு வருவா?"

அவன் அடுக்குப் பாத்திரத்தின் மூடியை நிதானமாகத் துடைத்தான். அந்த நிதானம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை, தானே பாத்திரத்தைக் கொண்டுபோவதாகச் சொன்னாள். மனைவியின் மனம் இளகிவிட்டதென்று அவன் பூரித்துப்போனான். அதுவும் எரிச்சலாக இருந்தது. கடிதம் அவள் கைப்பையில் இருந்தது.

மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கட்டிலருகே ஒரு தண்ணீர்ப் புட்டி. நாளொன்றுக்கு இவ்வளவே குடிக்கலாம் என்று அளவுகோல் வைத்துக் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அவளைக் கண்டதும் ஸ்கேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் நன்றி இல்லை. கணக்குச் சரியாக வந்தவரின் சிரிப்பு இருந்தது.

"வந்துட்டியாம்மா? உன் வீட்டுக்காரர் கேக்க வெட்கப்படுவார், நீதான் வருவேன்னு தெரியும். பேப்பரை எடு. சும்மா யாரு இத்தனை நாள் சாப்பாடு போடுவா? ஜெபம், சாமி எல்லாம் கடைசியில இதுக்குத்தானே?"

தலையணைக்கடியிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

அவள் கை பைக்குள் போயிற்று. காகிதம் விரலில் பட்டது. ஒரு கையெழுத்து, பதினான்கு ஆண்டு வேலை. ஆனால் அவர் எழுதிய பொய்யைவிட அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. காகிதத்தை நீட்டினால் இந்த மனிதரின் சொல் உண்மையாகிவிடும். கணவனுக்கு அது எப்படியோ, அடுப்படியில் வெந்தவள் அவள். தன் உழைப்பை இவர் லஞ்சம் என்று அழைக்க அவள் விடமாட்டாள்.

"கையெழுத்து வேண்டாம் சார். சாப்பிடுங்க, ஆறிடும்."

பேனா அந்தரத்தில் நின்றது. அதை மூடிவைத்துவிட்டு, ஒரு வாய் உண்டு முகம் சுளித்தார்.

"உப்பே இல்லையே."

"நாளைக்கும் இருக்காது."

பாதிப் படி இறங்கியபிறகுதான் தன் வாய் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. அங்கேயே நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவர் எப்படி இருக்கிறார் என்று கணவன் வாசலிலேயே கேட்டான்.

"திமிர் மட்டும் நல்லா இருக்கு."

கடிதத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் கிழங்குகளையும் கத்தியையும் வைத்தாள். கையெழுத்திட வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு அவன் தலைநிமிர்ந்தான்.

"என்ன பாக்குறீங்க? திங்கட்கிழமைக்கு அப்புறம் நிரந்தரமா வீட்லதான இருக்கப் போறீங்க. தோல் சீவப் பழகுங்க. தண்ணிய ரெண்டு தடவை கொட்டணும்."